அட்வான்ஸ்டு டைவர் கார்டும் ஐம்பது வயசு இதயமும்

1/ சனிக்கிழமை விடிகாலையில ஈசிஆர்ல மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி புதுச்சேரிக்குப் போற கார்கள்ல இப்போ ஒரு புதுக் கூட்டம் இருக்கு. வயசு 50, 55. பிள்ளைங்க படிச்சு முடிச்சாச்சு, வீட்டுக் கடன் அடைச்சாச்சு. கையில ஸ்கூபா ‘ஓப்பன் வாட்டர்’ கார்டு. அடுத்து ‘அட்வான்ஸ்டு’ வாங்கணும். இந்த த்ரெட் உங்களுக்குத்தான். கொஞ்சம் காரமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

2/ நான் ‘இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு’ கட்சி இல்லை. ரே வூலி என்ற பிரிட்டிஷ்காரர் 2018-ல், தன் 95-வது வயசுல, சைப்ரஸ் கடலில் மூழ்கிக் கிடக்கும் ஸெனோபியா கப்பலுக்கு 40 மீட்டருக்கும் கீழே போய்ட்டு வந்தார். வயசைக் காட்டி மட்டும் ஒருத்தரைத் தடுக்கிறது வைத்தியம் இல்லை, சோம்பேறித்தனம்.

3/ இதைப் புரிஞ்சுக்க சைப்ரஸ் போக வேண்டாம். மரக்காணத்துல காரை ஓரமா நிறுத்திப் பாருங்க. பங்குனி வெயிலில் பாத்தியில இறங்கி உப்பு வாருறவங்கள்ல அறுபதை நெருங்கினவங்களும் உண்டு. அவங்க உடம்பு தேயலைன்னு சொல்லல, நல்லாவே தேயுது. ஆனா அந்த உழைப்புல பாதி, ஏசி கார்ல போற 45 வயசு ஆளால முடியாது. பிறந்த தேதியை வெச்சு உடம்பைக் கணிக்க முடியாது.

4/ அப்போ என் சண்டை யாரோட? பொய்யோட. டைவ் பண்றதுக்கு முன்னாடி ஒரு மெடிக்கல் படிவம் தருவாங்களே, அதுல நீங்க எழுதுற பொய்யோட.

5/ 2020-ல் திருத்தப்பட்ட அந்தப் படிவத்தோட முதல் பக்கத்துல பத்தே கேள்விதான். அதுல ஒண்ணு: 45 வயசைத் தாண்டிட்டீங்களா? ‘ஆமாம்’னா கூடவே நாலு கேள்வி வரும். புகை பிடிக்கிறீங்களா, கொலஸ்ட்ரால் இருக்கா, பிபி இருக்கா, 50 வயசுக்கு முன்னாடி குடும்பத்துல யாருக்காவது இதய நோய் வந்திருக்கா. இதுல ஒண்ணுக்கு ‘ஆமாம்’ வந்தாலும் டாக்டரைப் பார்த்துட்டுத்தான் தண்ணிக்குள்ள இறங்கணும்.

6/ இன்னொரு கேள்வி, டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா என்பது. கருத்தடை மாத்திரை, சில மலேரியா மாத்திரை தவிர எதுவா இருந்தாலும் பதில் ‘ஆமாம்’தான். காலையில போடுற அந்த ஒத்தை பிபி மாத்திரையும் இதுல சேர்த்தி.

7/ நம்ம ஊர்ல என்ன நடக்குது? பத்துக்கும் ‘இல்லை’. “சும்மா நோ போடுங்க சார், இல்லன்னா டாக்டர் சர்ட்டிபிகேட் கேப்பாங்க”ன்னு பக்கத்துல ஒருத்தர் சொல்லிக் கொடுப்பார். நீங்களும் சிரிச்சுக்கிட்டே டிக் அடிப்பீங்க. ரேஷன் கார்டு விண்ணப்பத்துல பொய் சொன்னா அபராதம் கட்டலாம். இங்க என்ன கட்டுவீங்க?

8/ 2023-ல் வந்த ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வுப்படி புதுச்சேரியில் பெரியவங்கள்ல 26.3 சதவீதம் பேருக்கு சுகர். நாலுல ஒருத்தருக்கு மேல. அப்படிப்பட்ட ஊர்ல, 50 வயசுக்காரங்க நிறைஞ்ச ஒரு படகுல எல்லாரோட படிவத்துலயும் எல்லாத்துக்கும் ‘இல்லை’ன்னு இருந்தா, அது ஆரோக்கியம் இல்லை. புளுகு.

9/ தண்ணிக்குள்ள உடம்புல என்ன நடக்குது? கழுத்தளவு இறங்கினாலே கால்ல இருக்குற ரத்தம் நெஞ்சுக்கு ஏறுது. இதயத்துக்குக் கூடுதல் சுமை. குளிர்ல ரத்தக்குழாய் சுருங்கி பிபியும் ஏறும். கட்டுப்படாத பிபியும் வயசும் சேர்ந்தா சிலருக்கு நுரையீரல்ல நீர் கோத்துக்கும். மூச்சுத் திணறல், இருமல், சில சமயம் இளஞ்சிவப்பு நுரை. ஆழமே தேவையில்லை. மேலாப்புலயே வரும்.

10/ டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் ஆட்கள் 1992 முதல் 2003 வரை நடந்த 947 டைவிங் மரணங்களை அலசினாங்க. என்ன ஆச்சுன்னு கண்டுபிடிக்க முடிஞ்சதுல சுமார் கால்வாசிக்குக் காரணம் இதயம். சுறா இல்லை, சுழல் இல்லை. தரையிலேயே இருந்த, யாரும் பார்க்காம விட்ட நோய்.

11/ இப்போ அந்த ‘அட்வான்ஸ்டு’ என்ற வார்த்தைக்கு வருவோம். பாடி அமைப்பின் ஓப்பன் வாட்டருக்குக் கடல்ல நாலு டைவ். 18 மீட்டர் வரை அனுமதி. அட்வான்ஸ்டுக்கு இன்னும் அஞ்சு டைவ். அதுல ஆழ டைவும் திசை கண்டுபிடிக்கிற டைவும் கட்டாயம். முடிச்சா 30 மீட்டர். ஆக, வாழ்க்கையில ஒன்பது தடவை முங்கினவர் ‘அட்வான்ஸ்டு’. பேர்ல இருக்குற கெத்து அனுபவத்துல இல்லை. உங்க இதயத்தை அந்த கார்டு சோதிக்கவும் இல்லை.

12/ கணக்கு போடுங்க. 30 மீட்டர்ல அழுத்தம் மேல இருக்குறதைப் போல நாலு மடங்கு. 12 லிட்டர் சிலிண்டர்ல 200 பார்னா 2,400 லிட்டர் காத்து. மேல நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறவருக்குக் கீழ 80 லிட்டர் வேணும். முப்பது நிமிஷத்துல சிலிண்டர் காலி. மூச்சு வாங்கி அது இரட்டிப்பானா பதினஞ்சே நிமிஷம். மேல வர்றதுக்கு ஒதுக்க வேண்டிய காத்தை நான் இன்னும் கழிக்கவே இல்லை.

13/ மூச்சு எப்போ வாங்கும்? நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும்போது. அட்டெனலால், மெட்டோப்ரலால் மாதிரி மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு இதயத்துடிப்பு தேவைக்கு ஏறாது. (அதுக்காக மாத்திரையை நீங்களா நிறுத்திட்டு டைவ் போயிடாதீங்க. அது இன்னும் மோசம்.)

14/ சுகர் இருந்தா கதவு மூடிடுச்சா? இல்லை. 2005-ல் நிபுணர்கள் கூடி வகுத்த வழிகாட்டியே இருக்கு. ஆழம் 30 மீட்டருக்குள்ள, நேரம் ஒரு மணிக்குள்ள. மூழ்கின கப்பலுக்குள்ள நுழையக் கூடாது. இறங்குறதுக்கு ஒரு மணி நேரம் முன்ன, அரை மணி முன்ன, இறங்கும்போதுன்னு மூணு தடவை சுகர் பார்க்கணும். 150-க்குக் குறையாம, இறங்குமுகமா இல்லாம இருக்கணும். 40 வயசைத் தாண்டினவங்க இதயப் பரிசோதனையும் செய்யணும். உண்மையைச் சொன்னா வழி கிடைக்கும். மறைச்சா இதுல ஒண்ணும் கிடைக்காது.

15/ என் சக டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. சட்டைப் பையிலேர்ந்து பேனாவை எடுத்து முப்பது நொடியில ‘ஃபிட்’னு எழுதுறதும் தப்பு. படிவத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காம “வயசாச்சு, வேண்டாம்”னு அனுப்புறதும் தப்பு. அந்தப் படிவத்தோட டாக்டருக்கான வழிகாட்டியும் இருக்கு. படிங்க. பிபி பாருங்க, ஈசிஜி எடுங்க, தேவைப்பட்டா எக்கோ, ட்ரெட்மில் எழுதுங்க.

16/ உங்களுக்கு வீட்டுப் பாடம். படிவத்துலயே இருக்குற அளவுகோல்தான்: 1.6 கிலோமீட்டரை 14 நிமிஷத்துல நடக்க முடியுமா? இல்ல, 200 மீட்டர் நிக்காம நீந்த முடியுமா? நெஞ்சு அடைக்குது, தலை சுத்துதுன்னா அங்கேயே நிறுத்திட்டு முதல்ல என் மாதிரி ஒருத்தர்கிட்ட வாங்க. கடல் எங்கேயும் போயிடாது.

17/ இதுல தேறினா அட்வான்ஸ்டு தாராளமா பண்ணுங்க. ஆனா அதோட நிக்காதீங்க. அடுத்து 40 மீட்டர் ‘டீப்’ கார்டுக்கும் ஓடாதீங்க. நடுவுல மேலாப்புலயே இருபது, முப்பது டைவ் போடுங்க. அப்புறம் ‘ரெஸ்க்யூ டைவர்’ படிங்க.

18/ காரணம் ரெண்டு. ஒண்ணு, அதுல இன்னொருத்தரை இழுத்துக்கிட்டு நீந்தணும். உங்க உடம்பு எந்த அளவுக்குத் தாங்கும்னு நேர்மையா தெரிஞ்சிடும். ரெண்டு, சிபிஆரும் முதலுதவியும் கத்துக்காம அந்த கார்டு கிடைக்காது. நம்ம வயசுல அது கடலை விட வீட்டு ஹால்லதான் முதல்ல தேவைப்படும்.

19/ “டாக்டர், உண்மையைச் சொன்னா விட மாட்டாங்களே?” சில பேரை விட மாட்டாங்கதான். ஆனா உங்க பக்கத்துல இறங்குற பட்டி உங்களை நம்பி இறங்குறார். 25 மீட்டர்ல நீங்க மயங்கினா உங்களைத் தூக்கிட்டு மேல வரவேண்டியது அவர். அவசரத்துல வேகமா ஏறினா அவருக்கும் ஆபத்து. உங்க பொய்யை நீங்க மட்டும் சுமக்கல.

20/ அடுத்த சனிக்கிழமை கிளம்புறதுக்கு முன்னாடி அந்தப் படிவத்தை வீட்டுலயே நிரப்புங்க. மனைவியையோ கணவரையோ பக்கத்துல உக்கார வெச்சு நிரப்புங்க. உங்க மாத்திரை டப்பா பத்தி அவங்களுக்கு எல்லாம் தெரியும், பொய் சொல்ல விட மாட்டாங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க. 50 தாண்டின டைவர் நண்பர் இருந்தா இதை அனுப்பி வைங்க.