ஈயக் குண்டும் இலக்கு அட்டையும்

கல்வி பயிலும் இடத்து வெளிவரும் ஆண்டு மலரில் துப்பாக்கிக் குண்டைப் பற்றி எழுதப் புகுவது தகுமோ என்று ஐயுறுவார் சிலர் இருத்தல் கூடும். அவர்தம் ஐயத்தை நாம் இகழோம். குண்டு என்னும் சொல்லைக் கேட்டவுடனே கொலையும் போரும் நினைவுக்கு வருதல் இயற்கையே. ஆயினும், உயிர்மேற் பாய்வதற்கன்றி, அட்டையில் ஒரு துளையிடுவதற்கென்றே வடிக்கப்பெற்ற குண்டு வகையொன்று உண்டு. அதனை அறிந்தார் நம்முள் மிகச் சிலரே. அவ்வறியாமையால் ஒரு சாரார் குறிசுடும் ஆட்டத்தையே கொடியதென்று வெறுத்தொதுக்குகின்றனர். மற்றொரு சாரார், பெரும்பாலும் இளைஞர், சினிமாவிற் கண்ட ரிவால்வரை ஆண்மையின் அடையாளமாக எண்ணி மயங்குகின்றனர். இவ்விரு சாராரும் அச்சிறு ஈயத்துண்டின் வடிவத்தை ஒருமுறை ஊன்றி நோக்குவராயின் தத்தம் கருத்தைத் திருத்திக்கொள்வர் என்பது நமது துணிபு.

திண்டுக்கல்லில் வாழ்வோர் இதனை ஆராய்தற்கு நல்ல காரணம் உண்டு. நம் ஊரின் தலைமேல் நிற்கும் மலைக்கோட்டை, மதுரை நாயக்கர் மரபில் வந்த முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில் 1605ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்றது. அதற்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1755இல், மைசூர் அரசின் பௌஜுதாராக இங்கு வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரரின் மேற்பார்வையில் ஒரு படைக்கலச் சாலையையும் வெடிமருந்துக் கூடத்தையும் அமைத்தார். விடுமுறை நாளில் மலையேறும் மாணவர் கொத்தளங்களைப் பார்க்கின்றனர், படம் எடுத்துக்கொள்கின்றனர், இறங்கிவிடுகின்றனர். படைக்கலச் சாலை என்பது முதற்கண் ஒரு பட்டறையே என்பதை எண்ணுவார் இல்லை. உலையும், துருத்தியும், அரமும், அச்சும், அவற்றிடையே வியர்த்து நின்ற தொழிலாளருமே அச்சாலை.

அந்நாளைய துப்பாக்கிக்கு வேண்டிய குண்டு வெறும் ஈய உருண்டை. குறடுபோல் திறந்து மூடும் இரட்டை அச்சின் வாயில் உருகிய ஈயத்தை ஊற்றி, ஆறியபின் தட்டி எடுப்பர். குழலின் உட்புறம் வழவழப்பானது. உருண்டையோ குழலின் வாயினும் சற்றுச் சிறியது. அன்றேல் மேலிருந்து விரைவிற் செலுத்தல் இயலாது. ஆகவே அது குழலினுள் இருபுறமும் மோதிக்கொண்டு வெளியேறிற்று. இறுதியில் எப்பக்கத்தில் மோதிற்றோ அதற்கேற்ப விலகிற்று. நூறு கஜத்துக்கு அப்பால் ஒரு தனி மனிதனைக் குறிவைத்தல் அந்நாளில் வீண்முயற்சியே. விருப்பாட்சிக் கோபால நாயக்கரின் படையினர் ஏந்திய துப்பாக்கிகளும், அவர்களை எதிர்த்த கும்பினியாரின் துப்பாக்கிகளும் இக்குறையில் ஒத்தனவே. பாளையக்காரர் போர் முடிந்தபின் 1801 டிசம்பர் முதல் நாள் வெளியிடப்பெற்ற பிரகடனத்தால் பாளையத்து மக்களின் படைக்கலங்கள் பறிக்கப்பட்டன. குண்டு வார்க்கும் தொழிலும் பொதுமக்கள் கையினின்று நழுவியது.

பிற்காலத்தில் குழலினுள் சுழிவரிகள் வெட்டும் வழக்கம் பரவிற்று. வரிகளைப் பற்றிக்கொண்டு செல்லும் குண்டு பம்பரம்போற் சுழலும். சுழல்வதால் நிலைபெயராது பறக்கும். எனவே உருண்டையாயிருந்த குண்டு நீண்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியார் பாயின்ட் 38 ஸ்பெஷல் என்னும் தோட்டாவை வெளியிட்டனர். அதன் குண்டு 158 கிரெயின், அஃதாவது சுமார் 10 கிராம் எடையுடையது. முனை உருண்டு மழுங்கியது. குறிசுடுவோர் அத்தோட்டாவை விரும்பினர். ஆனால் அட்டைக்கு முன்னே ஓர் இடர்ப்பாடு தோன்றிற்று.

உருண்ட முனை அட்டையை வெட்டுவதில்லை, குத்திக் கிழிக்கின்றது. கிழிந்த நார்கள் மீண்டும் துளையை மூடிக்கொள்கின்றன. துளையின் விளிம்பு எங்கே என்பது தெரிவதில்லை. இவ்வாட்டத்தின் விதிப்படி குண்டு ஒரு வளையத்தின் கோட்டைத் தொட்டால் உயர்ந்த மதிப்பெண் கிடைக்கும். தொட்டதோ தொடவில்லையோ என்று நடுவர் பூதக்கண்ணாடி வைத்து நோக்கும்போது கிழிந்த துளை பொய்ச்சாட்சி கூறும். ஒரு மதிப்பெண்ணால் பரிசு கைமாறும் ஆட்டத்தில் இதனைச் சிறு குறையென்று தள்ளுதல் எங்ஙனம்?

இதற்கு மாற்றுக் கண்டவருள் முன்னிற்பவர் ஹிம்மல்ரைட் என்னும் அமெரிக்கர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரிவால்வர் சுடுவோர் சங்கத்தில் பெரும்பணியாற்றிய இவர், குண்டின் முகத்தைத் தட்டையாக்கி, விளிம்பைக் கூர்மையாக்கும் வடிவத்தை வகுத்தார். அக்குண்டு அட்டையில் தோல் வெட்டும் தமுக்கு உளியைப்போல் வட்டமாக ஒரு வில்லையை வெட்டிச் செல்லும். துளையோ காம்பஸால் வரைந்தாற்போல் இருக்கும். வேட்டைத் துப்பாக்கித் தோட்டாவில் திணிக்கும் அட்டை வில்லைக்கு ஆங்கிலத்தில் வாட் என்று பெயராதலின், அதனை வெட்டும் உளியை ஒத்த இக்குண்டு வாட்கட்டர் எனப் பெயர்பெற்றது. முழுத் தட்டை முகமுடைய வாட்கட்டர் பிற்காலத்தில் 148 கிரெயின் எடையில் நிலைபெற்றது. ஹென்ஸ்லி அண்டு கிப்ஸ் என்னும் அச்சு செய்வோரின் 50ஆம் எண் அச்சு இவ்வகையிற் புகழ்பெற்ற ஒன்று.

எல்மர் கீத் என்பாரின் வடிவம் வேறு. 1928ஐ ஒட்டிய ஆண்டுகளில், லைமன் கம்பெனியாரின் அச்சுகளுக்கென அவர் வகுத்த குண்டு, முன்னே தட்டையான மூக்கும், அதன்பின் குழலின் முழு அகலமுள்ள கூரிய தோளும், கொழுப்பு நிரப்பும் ஆழ்ந்த பள்ளமும், தட்டையான அடியும் கொண்டது. 358429 என்பது அவற்றுள் ஒன்றன் எண். முதல் மூன்று இலக்கங்கள் குண்டின் விட்டத்தை, அஃதாவது 0.358 அங்குலத்தைக் குறிக்கும். துளை வெட்டுவது தோள். காற்றைக் கிழித்துத் தொலைவு செல்வது மூக்கு. கீத் வேட்டைக்காரர், அவர் நோக்கம் அட்டையோடு முடியவில்லை. அவருடைய வடிவத்தைத் தலைசிறந்ததென்று போற்றுவார் பலர் உளராயினும், ஐம்பது கஜத்துக்குட்பட்ட அட்டைக்கு முழு வாட்கட்டரே மேல் என்போம். அது நெடுந்தொலைவு செல்லாது. செல்ல வேண்டுவதும் இல்லை. விநாடிக்குச் சுமார் 700 அடி வேகத்தில், ஒலியினும் மெல்லச் சென்று, பணி முடிந்தவுடன் மண்மேட்டில் அடங்கிவிடும். வேகத்தையும் வலிமையையும் தானே துறந்த குண்டு இது.

குண்டின் செம்மை முனையில் உள்ளது என்று எண்ணுதல் பெரும்பாலோர் செய்யும் பிழை. நாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம். உண்மையில் அதன் அடியே தலையாயது. குண்டு குழலின் வாயைவிட்டு நீங்கும் கணத்தில், பின்னிருந்து பீறிடும் புகை அடிவிளிம்பின் எல்லாப் பக்கத்தையும் ஒரே அளவாகத் தள்ள வேண்டும். விளிம்பு ஓரிடத்தில் மூளியாயிருப்பின் அவ்விடத்துப் புகை முந்தி வெளியேறும், குண்டு சாயும். மூக்கில் ஏற்படும் சிறு வடுவோ அத்துணைத் தீங்கு செய்வதில்லை. யாரும் காணாத அடிப்புறத்தைப் பழுதற வார்ப்பவனே வெல்கின்றான்.

அவ்வாறு வார்த்தல் எளிதன்று. ஈயம் 327 பாகை சென்டிகிரேடில் உருகும். தனி ஈயம் மிக மென்மையானது. அச்சின் மூலைகளை நன்கு நிரப்புவதுமில்லை. ஆதலின் நிரம்புதற்பொருட்டு வெள்ளீயமும் கடினத்தின்பொருட்டு ஆன்டிமனியும் சேர்ப்பர். லைமன் கம்பெனியார் வகுத்த கலவையில் நூற்றுக்கு 90 பங்கு ஈயம், 5 பங்கு வெள்ளீயம், 5 பங்கு ஆன்டிமனி. அச்சு குளிர்ந்திருந்தால் குண்டின் மேனி கிழவியின் கன்னம்போற் சுருங்கும். மிகச் சூடேறினால் பனிபடர்ந்தாற்போல் வெளுக்கும். உள்ளே காற்றுக்குமிழி தங்கினால் கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். குறையுள்ளவற்றை மீண்டும் உலையிலிட வேண்டுவதே. தேன்மெழுகும் கொழுப்பும் கலந்து பள்ளத்தில் தடவாவிடின் ஈயம் குழலில் ஒட்டிக்கொள்ளும்.

இவ்விடத்து ஒன்று சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. முன்னாளில் இத்தகைய மலர்கள் அச்சாவதற்கு உதவிய எழுத்துகளும் இம்மூன்று உலோகங்களால் ஆனவையே. லினோடைப் எந்திரத்தின் உலோகத்தில் 84 பங்கு ஈயம், 12 பங்கு ஆன்டிமனி, 4 பங்கு வெள்ளீயம். அச்சுக்கூடங்கள் கைவிட்ட அவ்வுலோகத்தை அமெரிக்கக் குறிசுடுவோர் வாங்கி உருக்கிக் குண்டாக்கினர். எழுத்து குண்டாயிற்றே என்று நாம் வருந்தினோம். பின், அக்குண்டும் ஒரு தாளிலேதான் பதிகின்றது என்று அமைதியுற்றோம்.

மென்மையான ஈயமும் தட்டை முகமும் உடலிற் பட்டால் பெருங்காயம் விளைக்குமன்றோ என்று ஒருவர் வினவலாம். வினா நேரியது, மறைக்க வேண்டுவதில்லை. 1898இல் ஆங்கிலேயர் தம் வெப்ளி ரிவால்வருக்கு முகம் குழிந்த தட்டைக் குண்டொன்றை, எதிரியை நின்ற இடத்திலேயே வீழ்த்தும்பொருட்டுச் செய்தனர். கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில் உருவான விரியும் குண்டும் அக்காலத்ததே. 1899ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் உடலில் விரியும் குண்டுகளைப் போரில் விலக்கிற்று. வெப்ளியின் குண்டும் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே வடிவம் மட்டும் ஒரு பொருளை மாசற்றதாக்கிவிடாது. அதனை எங்கு, எதன்பொருட்டு, யார் மேற்பார்வையில் எடுக்கின்றோம் என்பதும் நோக்கத்தக்கது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தோட்டாவின் உறுப்புகளையும் அவற்றைச் செய்யும் கருவிகளையும் தோட்டாவாகவே கருதுகின்றது. உரிமமின்றி இவ்வச்சுகளில் ஒருவரும் கைவைத்தல் ஆகாது. நாம் குண்டு வார்க்கச் சொல்லவில்லை, அறியச் சொல்லுகின்றோம்.

அறிவதற்கு வழியும் நம் கையில் உண்டு. காற்றுத் துப்பாக்கியில் 10 மீட்டர் போட்டிக்கு வழங்கும் 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டைப் பாருங்கள். அதன் தலை தட்டை, விளிம்பு கூர்மை. ரிவால்வருக்கென ஹிம்மல்ரைட் வகுத்த நெறியே அச்சிறு குண்டில் வாழ்கின்றது. கடலூரிற் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகப் போட்டிகளில் வென்றது இத்தகைய குண்டினாலேயே. 2006இல் தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா 25 மீட்டர் சென்டர் பயர் கைத்துப்பாக்கிப் போட்டியில் 600க்கு 590 பெற்று உலகச் சாதனையைச் சமன் செய்தார். அப்போட்டியின் துல்லியப் பகுதிக்குரிய அட்டையின் பத்தாம் வளையம் 5 சென்டிமீட்டர் அகலமே. பெரும் போட்டிகளில் இன்று மின்னணு இலக்குகள் வந்துவிட்டன. சிறிய சங்கங்களிலும் பயிற்சிக் களங்களிலும் அட்டையே ஆசிரியன்.

நமது வேண்டுகோள் சிறிது. தேசிய மாணவர் படையில் பாயின்ட் 22 துப்பாக்கி சுடும் நம் மாணவர்க்கு, எவ்வாறு சுடுவது என்பதோடு குண்டு ஏன் அவ்வடிவினது என்பதையும் கற்பித்தல் வேண்டும். பௌதிக ஆசிரியரும் இரசாயன ஆசிரியரும் ஆளுக்கொரு மணி நேரம் ஈந்தாற் போதும். இரு பாதிகளும் ஒளிக்கீற்றும் நுழையாவண்ணம் பொருந்தும் அச்சின் நுட்பத்தை விளக்க, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ப் பூட்டைச் செய்யும் தொழிலாளர் ஒருவரை அழைக்கலாம். அரத்தால் உலோகத்தோடு உலோகத்தைப் பொருத்துதல் அவர் அன்றாடம் செய்வது. பின்னர், காற்றுத் துப்பாக்கியில் உருண்டை முனைக் குண்டினால் துளைத்த அட்டை ஒன்றும், தட்டை முனைக் குண்டினால் துளைத்த அட்டை ஒன்றுமாக இரண்டை அருகருகே சுவரில் ஒட்டி வைக்கலாம். அவ்வறையின் வாயிலில் சோப்பும் தண்ணீரும் இருத்தல் அவசியம். ஈயம் நஞ்சு, அதனைத் தொட்ட கையோடு மாணவர் உணவு விடுதிக்குச் செல்லலாகாது.