அரை எச்.பி. மோட்டாரும் இரண்டு குதிரைகளும்

தண்ணீர் மோட்டார் வாங்கப் போகிறவர் கடையில் கேட்பது, "அரை எச்.பி. போதுமா, ஒரு எச்.பி. வேண்டுமா?" என்றுதான். எத்தனை வாட் என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை. 1956-லேயே மெட்ரிக் அளவைச் சட்டம் போட்ட நாடு இது. வீசை போய் கிலோ வந்தது, மைல் போய் கிலோமீட்டர் வந்தது. குதிரை மட்டும் லாயத்தை விட்டு நகரவில்லை. அதை அவிழ்த்து விட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி.

புதுச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு மீடியம். பௌதிக வகுப்பில் எங்களுக்குக் காட்டிய குதிரையே வேறு. 'ஷெவால் வாப்பர்' என்பார்கள், அதாவது நீராவிக் குதிரை. 75 கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கும் திறன் அது. 736 வாட் என்று மனப்பாடம் செய்தோம். பிறகு குமாஸ்தா வேலையில் சேர்ந்தேன். கோப்புகள் எல்லாம் ஆங்கிலம். மோட்டார் கொள்முதல் கோப்பில் ஒரு எச்.பி. என்றால் 746 வாட் என்று போட்டிருந்தது. அந்தப் பத்து வாட் எங்கே போயிற்று என்று பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டேன். "பிரெஞ்சுக்காரன் குதிரை கொஞ்சம் இளைச்சது சார்" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னாலும் கணக்கு அப்படித்தான். ஜேம்ஸ் வாட் வைத்த அளவு, 550 பவுண்டு எடையை ஒரு விநாடியில் ஓர் அடி தூக்குவது. அதைக் கிலோவுக்கும் மீட்டருக்கும் மாற்றினால் 76 கிலோவும் சொச்சமும் வரும். மெட்ரிக்காரர்கள் அதை 75 என்று முழு எண்ணாக்கிக் கொண்டார்கள். வித்தியாசம் ஒன்றரை சதவீதம்கூட இல்லை. (பிரான்சில் காருக்கு வரி போட என்றே இன்னொரு குதிரையும் உண்டு. சித்ரோவன் கம்பெனியின் 'தெ ஷெவோ' என்றால் இரண்டு குதிரை. 1948-ல் காட்டிய அந்த வண்டியின் இன்ஜினுக்கோ ஒன்பது குதிரைத்திறன்!)

அரை எச்.பி. மோட்டாருக்கு இரண்டு குதிரைக்கும் உள்ள வேறுபாடு ஐந்தே வாட். 373-க்குப் பதில் 368. கிலோவாட்டில் எழுதினால் இரண்டும் 0.37 ஆகிவிடும். இதற்காக யாரும் சண்டை போட வேண்டியதில்லை. ஆனால் எங்கள் தெருவில் சண்டை வந்தது.

நண்பர் ஒருவர் வீட்டில் மூன்று குடித்தனம். எல்லோருக்கும் ஒரே அரை எச்.பி. மோட்டார், அதற்குத் தனி மீட்டர். தினமும் இரண்டு மணி நேரம் ஓடும். குடியிருப்பவரில் ஒருவர் விவரமானவர். 373 வாட், மாதம் அறுபது மணி நேரம், 22 யூனிட்டுக்குமேல் வரக் கூடாது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். மீட்டரோ 38 என்றது. மிச்சம் 16 யூனிட்டை வீட்டுக்காரர் தன் தலைக்கு இழுத்துக்கொள்கிறார் என்று பேச்சு கிளம்பியது. முப்பது வருஷம் ஆசிரியராக இருந்தவருக்கு இந்த வயதில் அப்படியொரு பெயர். மனிதர் இரண்டு நாள் வாசலுக்கே வரவில்லை.

குடித்தனக்காரரின் பெருக்கலில் பிழையில்லை. மோட்டாரின் தகட்டில் எழுதியிருக்கும் எச்.பி., அதன் தண்டு வெளியே தரும் திறன். கம்பியிலிருந்து அது இழுப்பது அதைவிட அதிகம். இப்படிப்பட்ட சின்ன சிங்கிள் பேஸ் மோட்டார், இழுப்பதில் அறுபது சதவீதம் அளவுக்குத்தான் வேலையாக மாற்றும். மிச்சம் சூடாகப் போய்விடும். ஓடி நின்ற மோட்டாரைத் தொட்டுப் பார்த்தவருக்கு அது தெரியும். ஆகவே 373 வாட் வெளியே வர, 600 வாட்டுக்குமேல் உள்ளே போக வேண்டும்.

மிக்சியில் போடும் 750 வாட்டோ மின்சாரம் இழுக்கும் கணக்கு. அதை "ஒரு எச்.பி. மிக்சி" என்று விற்கிறார்கள். ஏ.சி.யின் ஒரு டன் இன்னும் மோசம். அது மணிக்கு 12,000 பி.டி.யு., அதாவது சுமார் 3,500 வாட் வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும் அளவு. மின்சாரம் அதில் மூன்றில் ஒரு பங்கோ, அதற்கும் குறைவாகவோதான் ஆகும். மூன்று பொருளுக்கு மூன்று விதக் கணக்கு. வாங்குகிற ஜனம் என்ன செய்யும்?

எச்.பி.யை வாட்டாக மாற்றி எழுதினால் மட்டும் போதாது. 'இழுக்கும் மின்சாரம் இத்தனை வாட்' என்று மோட்டார் பெட்டியின் மேல் தமிழில் பெரிதாகப் போட வேண்டும். குதிரை வேண்டுமானால் கீழே பொடி எழுத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.

அதுவரைக்கும் ஒரு வழி உண்டு. டிஜிட்டல் மீட்டரில் சிவப்பு விளக்கு மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று மீட்டரிலேயே அச்சிட்டிருக்கும். நண்பர் வீட்டில் அது 3200. மோட்டார் மட்டும் ஓடும்போது, ஒரு நிமிடத்தில் வரும் ஒவ்வொரு மினுக்கலுக்கும் 18.75 வாட். குடித்தனக்காரரையே கைக்கடிகாரத்தோடு மீட்டர் முன்னால் நிற்கவைத்து எண்ணச் சொன்னேன். 34 வந்தது. பெருக்கினார், 637 வாட். அறுபது மணிக்கு 38 யூனிட். நண்பரின் மனைவி எங்கள் மூவருக்கும் காபி கொண்டுவந்தார்.