வாய் திறக்க ஒரு வேடம்

ஜப்பானிய நடிகை ரின்கோ கிக்குச்சியைப் பற்றி நம் பத்திரிகைகளில் எப்போதாவது நாலு வரி வந்தால், மூன்று வரி ஆஸ்கார் பரிந்துரையைப் பற்றியும், மிச்சம் ஒரு வரி ஷனெல் நிறுவனத்துக்கு அவர் மாடலாக இருந்ததைப் பற்றியும் இருக்கும். செய்தியில் பிழை இல்லை. ஆனால் இருபத்தைந்து ஆண்டு உழைப்பை இப்படி மடித்து வைப்பது நியாயமில்லை என்பது என் கட்சி.

டோக்கியோவை அடுத்த கனகாவா பகுதியில் 1981-ல் பிறந்தவர். 1999-ல் கனேட்டோ ஷிண்டோ என்ற மூத்த இயக்குநரின் படத்தில், யூரிகோ என்ற பெயரில் அறிமுகமானார். 2001-ல் காஸுயோஷி குமாகிரி என்ற இளம் இயக்குநரின் படத்தில் நடித்தார். இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உலகம் அவரைக் கண்டது 2006-ல் வந்த 'பேபல்' படத்தில். மெக்சிகோ நாட்டு இயக்குநர் இன்யாரித்து எடுத்த அந்தப் படத்தில் அவருக்குக் காது கேளாத, வாய் பேசாத பள்ளி மாணவி வேடம். சைகை மொழியைக் கற்றுக்கொண்டு நடித்தார். ஓர் இரவு விடுதிக் காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. காது கிழியும் இசை, சுற்றிலும் ஆட்டம். திடீரென்று ஒலி முழுவதும் அறுந்துபோகிறது. அந்தப் பெண் இருக்கும் உலகத்துக்குள் நாமும் விழுந்துவிடுகிறோம். விளக்குகள் மட்டும் வெட்டி வெட்டி மின்னுகின்றன. அவள் முகம் ஒன்றுதான் பேசுகிறது.

2007-ல் சிறந்த துணை நடிகைக்கான பரிந்துரை கிடைத்தது, விருது கிடைக்கவில்லை. அவருக்கு முன் 'சயோனாரா' படத்துக்காக 1958-ல் அந்த விருதையே வென்றவர் மியோஷி உமேகி. அவருக்கு அமெரிக்கா பிறகு என்ன கொடுத்தது? 1969 முதல் 1972 வரை ஒரு தொலைக்காட்சித் தொடரில் வீட்டு வேலைக்காரி வேடம். அதோடு நடிப்பையே விட்டுவிட்டார். கிக்குச்சிக்கு 2008-ல் 'தி பிரதர்ஸ் ப்ளூம்' படத்தில் கிடைத்தது வெடிகுண்டு நிபுணி வேடம். படம் முழுவதற்கும் இரண்டு மூன்று சொல்தான் வசனம்! ஊமையாக நடித்துப் புகழ் பெற்றவரை ஊமையாகவே வைத்திருக்கலாம் என்று நினைத்தார்கள் போலும். 2013-ல் 'பசிபிக் ரிம்' படத்தில்தான் கொஞ்சம் பேசவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 'பேபல்' ஜப்பானில் வெளியாகும் நேரத்தில், ஜப்பானிய வசனம் வரும் பகுதிகளுக்கு அங்கே சப்-டைட்டில் கிடையாது என்று தெரியவந்தது. காது கேளாத பெண்ணின் கதையைக் காது கேளாதவர்களே தொடர்ந்து பார்க்க முடியாத நிலை! அவர்கள் கையெழுத்து இயக்கம் நடத்திய பிறகே எழுத்துகள் சேர்க்கப்பட்டன.

இதெல்லாம் எனக்கு உறைப்பதற்குக் காரணம் உண்டு. தில்லிக்கு வந்த புதிதில் இந்தி தெரியாமல், அலுவலகத்தில் எதற்கெடுத்தாலும் சிரித்துத் தலையாட்டியே இரண்டு வருஷம் ஓட்டினேன். 'அமைதியான மனிதர்' என்று நற்பெயர் கிடைத்தது. பதவி உயர்வு கிடைக்கவில்லை. என் வாயைப் பற்றி ஊரில் விசாரித்தால் தெரியும். வாசகர்களில் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும்.

இப்போது குமாகிரிக்கு வருகிறேன். இருபது வருஷத்துக்கு மேல் கழித்து அவரும் கிக்குச்சியும் மீண்டும் சேர்ந்த படம் 2023-ல் வந்தது. டோக்கியோவில் அறைக்குள்ளேயே முடங்கிப்போன, நாற்பதைத் தாண்டிய பெண் யோகோ. அப்பா இறந்த செய்தி வருகிறது. வழியில் துணையை இழந்து, கையில் காசும் இல்லாமல், போகிற வண்டிகளை நிறுத்தி இடம் கேட்டே வடக்கே ஆமோரி வரை போக வேண்டும். மொத்தம் 658 கிலோமீட்டர். முன்பின் தெரியாதவரிடம் 'என்னை ஏற்றிக்கொள்வீர்களா' என்று கேட்கக்கூட முதலில் அவளுக்குக் குரல் எழவில்லை. இதுவும் பேச்சு அடைத்துப்போன பெண்தான். ஆனால் இவள் பேச வேண்டும். பேசினால்தான் ஊர் போய்ச் சேர முடியும். ஷாங்காய் திரைப்பட விழாவில் கிக்குச்சிக்குச் சிறந்த நடிகை விருது கிடைத்தது. நம் பத்திரிகை எதிலும் என் கண்ணில் அது படவில்லை.

நம் சங்கத்தில் அடுத்த முறை வெளிநாட்டுப் படம் போடும்போது இதைப் போடலாம் என்று செயற்குழு நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். சப்-டைட்டில் உள்ள பிரதியாகப் பார்த்து வாங்க வேண்டும்.