பேணியில் அடைத்த நோயெதிர்ப்பு

குழந்தைப் பால்மா வணிகத்தில் இன்று ஒரு புதிய வாக்குறுதி எழுந்துள்ளது. பசுவின் கடும்புப் பாலிலிருந்து பிரித்தெடுத்த பிறபொருளெதிரிகளையும் குடலுக்கு நன்மை பயக்கும் பற்றீரியாக்களையும் ஒரே பேணியில் சேர்த்துச் சிசுவின் நோயெதிர்ப்புச் சக்தியை வளர்க்கலாம் என்பதே அது. விஞ்ஞானத்தின் பெயரால் இது கூறப்படுகின்றது. ஆகவே விஞ்ஞானத்தின் உரைகல்லிலேயே இதனை உரைத்துப் பார்ப்போம்.

தாய்ப்பாலில் பிறபொருளெதிரி எங்ஙனம் உண்டாகின்றது? தாய் அருந்தும் நீரிலும் சுவாசிக்கும் காற்றிலும் உள்ள கிருமிகளை அவளது குடலிலும் சுவாசப் பாதையிலும் உள்ள கலங்கள் இனங்காண்கின்றன. அக்கலங்கள் குருதி வழியே மார்பகத்தை அடைந்து, அதே கிருமிகளுக்கு எதிரான பிறபொருளெதிரிகளைப் பாலிலே சுரக்கின்றன. திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ வாழும் தாய்மாரை எண்ணிப் பாருங்கள். கிண்ணியாவில் கிணற்று நீர் அருந்தும் தாயின் பால் அந்தக் கிணற்றின் கிருமிகளை அறிந்த பால். மூதூர்க் கரையில் மீன் பிரிக்கும் தாயின் பால் அந்தக் கரையின் நோய்களோடு போராடிப் பழகிய பால். நியூசிலாந்தின் புல்வெளியில் மேயும் பசு தன் சூழலின் கிருமிகளையே அறியும். குறித்த ஒரு கிருமிக்கெதிராகப் பசுவைத் தயார்செய்து, அதன் கடும்புப் பாலை அந்நோய்க்கு மருந்தாக்க முயலும் ஆய்வுகள் உண்டு. நாம் அவற்றைப் பழிக்கவில்லை. ஆனால் ஒரு நோய்க்கான மருந்து வேறு, எல்லா நோய்க்கும் கவசம் என்னும் விற்பனைக் கூச்சல் வேறு.

நற்பற்றீரியாவின் கதை இன்னும் விந்தையானது. தாய்ப்பாலிலுள்ள சில வெல்லச் சேர்மங்களைச் சிசுவால் சமிக்க இயலாது. அவை சிசுவின் குடலில் வாழும் நற்பற்றீரியாக்களுக்கே உணவாகின்றன. பேணியோ அப்பற்றீரியாவையே தூளாக்கித் தருகின்றது. ஆனால் பால்மா கிருமி நீக்கப்பட்ட பொருளன்று. அதில் தங்கக்கூடிய கொடிய கிருமிகளைக் கொல்ல, 70 பாகை செல்சியசுக்குக் குறையாத நீரில் அதனைக் கரைக்க வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அறிவுரை. அவ்வாறு கரைத்தால் விலை கொடுத்து வாங்கிய நற்பற்றீரியாவும் மடியும். அதனைக் காப்பாற்ற வெப்பத்தைக் குறைத்தாலோ பகைக் கிருமியும் பிழைத்துக்கொள்ளும். இந்த முரண்பாட்டை எந்த விளம்பரம் தாய்க்கு எடுத்துரைக்கின்றது?

குறைமாதக் குழந்தைகளின் குடல்நோயைத் தடுக்கச் சில பற்றீரியா வகைகள் உதவுகின்றன என்று காட்டும் ஆய்வுகளும் உள்ளன. ஆயினும் 2023 இல், வைத்தியசாலையில் ஊட்டப்பட்ட பற்றீரியாவே குருதியிற் பரவிக் குறைமாதக் குழந்தையொன்று இறந்ததை அடுத்து, ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம் எச்சரிக்கை விடுத்தது. மருத்துவர்கள் நிதானமாக ஆராய வேண்டிய ஒன்றைக் கடைத்தட்டின் கவர்ச்சியாக்குவது விஞ்ஞானமாகாது, அது வியாபாரம்.

இவ்வியாபாரத்தின் வரலாறு நீண்டது. 1939 இலேயே மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், புட்டிப்பால் விளம்பரத்தால் குழந்தைகள் மடிவதைக் கொலை என்றே சிங்கப்பூரில் கண்டித்துரைத்தார். 1981 இல் தாய்ப்பாற் பதிலீடுகளின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் சர்வதேசக் கோவையை 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு ஐக்கிய அமெரிக்கா. இலங்கை 1983 இல் தனக்கென ஒரு கோவையை வகுத்தது. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 வீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே அருந்தினர். வீடுவீடாக நடந்த குடும்பநல உத்தியோகத்தர்களும் எண்ணற்ற ஏழைத் தாய்மாரும் ஈட்டிய வெற்றி இது.

அந்த வெற்றியைக் காப்பது எவ்வாறு? ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள் என்று மருத்துவம் கூறுகின்றது. தனியார் துறைப் பெண்ணுக்குச் சட்டம் வழங்கும் பிரசவ விடுமுறையோ 84 நாட்கள். வார விடுமுறைகளைச் சேர்க்காமற் கணக்கிட்டாலும் ஆறு மாதம் நிறையாது. கருவாடு உலர்த்துபவளுக்கும் பிறர் வீட்டில் பாத்திரம் துலக்குபவளுக்கும் அந்த 84 நாட்களேனும் யார் தருவர்? கூலி வேலை அவளைக் குழந்தையிடமிருந்து பிரிக்கின்றது. பிரிந்த இடைவெளியில் பேணி வந்து அமர்கின்றது. 2022 இல் டொலர் வற்றியபோது பால்மா கடைகளிலிருந்து மறைந்ததை நாம் கண்டோம். அந்நியச் செலாவணியை நம்பிச் சிசுவின் உணவை விடுவது எத்தகைய பேதைமை!

பாலூட்ட இயலாத தாய்மாரை நாம் குறை கூறவில்லை. தாயை இழந்த குழந்தைக்கும் நோயுற்ற தாயின் குழந்தைக்கும் தூய பால்மா நியாயமான விலையில், மருத்துவ ஆலோசனையோடு கிடைக்க வேண்டும். அதிற் சேர்க்கப்படும் ஒவ்வொரு பொருளையும் கம்பனியின் பணம் தீண்டாத ஆய்வாளர்கள் சோதித்திருக்க வேண்டும். உழைக்கும் பெண்கள் அனைவருக்கும், எத்தொழில் செய்பவராயினும், ஊதியத்துடன் ஆறு மாத விடுமுறை வேண்டும். வேலைத்தலங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும். பாலூட்டும் தாயின் தட்டில் வயிறார உணவும் அவள் கிணற்றில் தூய நீரும் வேண்டும்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இக்கோரிக்கைகளைத் தொழிற்சங்கங்களுக்கும் மாதர் சங்கங்களுக்கும் எடுத்துச் செல்லவேண்டும். தாயின் உடல் சிசுவுக்கென ஆக்கும் பிறபொருளெதிரிக்குக் காப்புரிமை இல்லை, இலாபம் இல்லை. அதனாலேயே அதற்கு விளம்பரமும் இல்லை. அதன் சார்பில் குரல் கொடுக்க வேண்டியவர்கள் நாமே.