ராயபுரத்து டாக்டரம்மா

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் ஆட்டோவில் ஏறி "ரெயினி ஆஸ்பத்திரி" என்று சொன்னால் போதும், வேறு அடையாளம் சொல்ல வேண்டாம். மழைக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. கிறிஸ்டினா ரெய்னி என்ற ஸ்காட்லாந்துப் பெண்மணியின் பெயர் அது. ஸ்காட்லாந்து ஃப்ரீ சர்ச் திருச்சபையில், வெளிநாடுகளுக்குப் பெண் ஊழியர்களை அனுப்பும் பொறுப்பை அவர் பார்த்துவந்தார். ஆனால் அந்த ஆஸ்பத்திரியை வளர்த்து ஆளாக்கியவர் வேறொருவர். அவர் டாக்டர் மெடில்டா மெக்பெயில். சுமார் 40 ஆண்டுக் காலம் சென்னையை ஊராகக் கொண்டு வாழ்ந்தவர்.

மிஷனரி என்றதும் அங்கி, பிரசங்கம், பைபிள் என்றுதான் மனதில் படம் ஓடும். கடற்கரை ஊரில் மிஷனரியாக வாழ்ந்தவர்களின் அன்றாடமோ பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்களால் ஆனது. காலையில் பாஷை படிப்பது, பகலில் நோயாளிகளைப் பார்ப்பது, மாலையில் வீடு வீடாகப் போவது, ராத்திரி ஊருக்குக் கடிதம் எழுதுவது. அந்த அன்றாடத்துக்குள் ஒரு பெரிய கேள்வியும் இருந்தது. அதற்கு அப்புறம் வருவோம்.

படகோட்டிகளின் ராயப்பர்

அந்தக் காலத்துச் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு வெகு தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலா படகுகள். ஆணி அடிக்காமல், தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய படகுகள் அவை. அலை அடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். கவர்னர் ஆனாலும் பாதிரியார் ஆனாலும், அந்தப் படகோட்டிகளின் கையை நம்பித்தான் சென்னை மண்ணில் கால் வைக்க முடியும்.

அந்தப் படகோட்டிகளில் பலர் ஏற்கெனவே கத்தோலிக்கர்கள். தங்கள் உழைப்புக் காசைச் சேர்த்து 1820களில் ராயபுரத்தில் புனித பேதுரு ஆலயத்தைக் கட்டினார்கள். பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ராயப்பர் என்பார்கள். அந்த ராயப்பரிலிருந்துதான் ராயபுரம் என்ற பெயரே வந்தது என்பார்கள். "நாங்கள் கட்டிய கோயில், நிர்வாகமும் எங்களுடையதே" என்று ஆயர்களோடு மல்லுக்கு நின்ற சமூகம் அது. வழக்கு கோர்ட் வரைக்கும் போனது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. வெள்ளைக்காரர் வந்து சொல்லித்தான் இந்தக் கரையில் எல்லாமே தொடங்கியது என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. ராயபுரத்தில் அப்படி இல்லை. மெடில்டா மெக்பெயில் வந்து இறங்கியபோது, தன் கோயிலைத் தானே கட்டிக்கொண்ட ஜனம் அங்கே இருந்தது. போதிய அளவில் இல்லாதது பெண்களுக்கான வைத்தியம்.

துரைசாணி பேசிய தமிழ்

1860-இல் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் பிறந்தவர் மெக்பெயில். அப்பா திருச்சபை போதகர். பெண்கள் டாக்டருக்குப் படிப்பதே அபூர்வமாக இருந்த நாளில், லண்டனில் பெண்களுக்கென்று இருந்த மருத்துவப் பள்ளியில் படித்தார். 1888-இல் சென்னைக்கு வந்தார். வயது 28.

அப்போது சென்னை இந்த விஷயத்தில் கொஞ்சம் முன்னேறிய ஊர்தான். சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அங்கே படித்த மேரி ஷார்லிப், 1885-இல் கோஷா பெண்களுக்காக ஓர் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். இன்றைக்குத் திருவல்லிக்கேணியில் இருக்கும் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை அதன் வழி வந்ததுதான். ஆனாலும் ஆண் டாக்டரிடம் நாக்கை நீட்டிக் காட்டவே கூசிய பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றிரண்டு ஆஸ்பத்திரிகள் எந்த மூலைக்கு?

புதிதாக வரும் மிஷனரிக்கு முதல் வேலை தமிழ் படிப்பது. முன்ஷி வைத்துப் படித்து, பரீட்சை எழுதித் தேற வேண்டும். முன்ஷி கற்றுக்கொடுப்பது இலக்கணத் தமிழ். வாசலில் வந்து நிற்கும் பெண் பேசுவதோ வேறு தமிழ். "சுருக்குன்னு குத்துது" என்பாள் ஒருத்தி, "கடுகடுன்னு கடுக்குது" என்பாள் இன்னொருத்தி. குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல், இசிவு என்று வலிக்கே நம்மிடம் அத்தனை வார்த்தைகள். குத்தலுக்கும் குடைச்சலுக்கும் வித்தியாசம் தெரியாத டாக்டர் வைத்தியம் பார்க்க முடியாது. கடவுளைப் பற்றிப் பேசத் தேவைப்படும் தமிழைவிட, வயிற்றுவலியைப் பற்றிக் கேட்கத் தேவைப்படும் தமிழ் கஷ்டமானது.

ஒரு நாள் பொழுது

அந்தக் காலத்து மிஷன் மருந்தகங்களில் நாள் எப்படிப் போகும்? வெயில் ஏறுவதற்கு முன்பே வராந்தாவில் கூட்டம் சேர்ந்துவிடும். இடுப்பில் பிள்ளை, கையில் காலி பாட்டில். மருந்துக்குப் பாட்டில் நோயாளிதான் கொண்டுவர வேண்டும். டோக்கன் கொடுப்பார்கள். காத்திருக்கும் நேரத்தில், பைபிள் பெண்மணி என்று அழைக்கப்பட்ட உள்ளூர் ஊழியர் ஒருவர் வேதத்திலிருந்து ஒரு பகுதியை வாசித்து, பாட்டுப் பாடி, ஜெபம் செய்வார். அதற்கப்புறம் ஒவ்வொருவராக உள்ளே போவார்கள். கண்வலி, சிரங்கு, ஜுரம், வயிற்றுப்போக்கு, காசநோய் என்று பட்டியல் நீளும்.

மத்தியான வெயில் தணிந்ததும் வீடுகளுக்குப் போவது. இதுதான் கஷ்டமான பகுதி. வெளியே வராத பெண்களைப் பார்க்க டாக்டர்தான் உள்ளே போக வேண்டும். அதற்கு அனுமதி தர வேண்டியவர் நோயாளியும் அல்ல, கணவரும் அல்ல, பெரும்பாலும் மாமியார். கதவைத் திறக்கலாமா, கட்டிலைத் தொடலாமா, தீட்டு நாளில் உள்ளே வரலாமா என்று ஒவ்வொன்றையும் பேசித் தீர்க்க வேண்டும். பிரசவம் என்றால் வீட்டுக்கு வரும் மருத்துவச்சிதான் எல்லாம். இரண்டு நாள் வலி கண்டு, மருத்துவச்சி கைவிட்ட பிறகுதான் "துரைசாணியைக் கூப்பிடு" என்பார்கள். காற்று புகாத பின்கட்டு அறை, சாம்பிராணிப் புகை, மங்கிய விளக்கு. அந்த நேரத்தில் தாயைக் காப்பாற்றினால் தெருவே பேசும். காப்பாற்ற முடியாமல் போனாலும் தெருவே பேசும்.

ராத்திரி கொசுவலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு எழுத வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை வீடுகள், எத்தனை அறுவை சிகிச்சைகள். கப்பலில் போகும் அந்தக் கடிதங்களையும் அறிக்கைகளையும் எதிர்பார்த்து அங்கே பலர் காத்திருப்பார்கள். மருந்துக்கும் கட்டிலுக்கும் காசு அனுப்பியவர்கள் அவர்கள். ஸ்காட்லாந்தின் சின்ன ஊர்களில், உண்டியலில் சில்லறை போட்ட பெண்களும் அதில் உண்டு.

கணக்கில் வராத கேள்வி

அந்தக் கணக்கில்தான் முன்பு சொன்ன கேள்வி இருக்கிறது. குணமானவர்களின் எண்ணிக்கை பெரிது. மதம் மாறியவர்களின் எண்ணிக்கை சிறிது. பெண்களுக்கான மிஷன் மருத்துவப் பணி நடந்த இடங்களில் பொதுவாக இதுதான் நிலைமை. வராந்தாவில் ஜெபத்தைக் கேட்ட பெண்கள், மருந்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள், தர்காவுக்கு நேர்ந்துகொண்டார்கள். அப்படியானால் இந்த உழைப்பு எதற்கு? மருந்து என்பது மனிதரைப் பிடிக்கும் தூண்டிலா, அல்லது மருந்து கொடுப்பதே போதுமான ஊழியமா?

இந்தக் கேள்வியை வெளியிலிருந்தும் கேட்டார்கள். மருத்துவம், கல்வி போன்ற சேவையை மதமாற்றத்துக்கு வழியாக்கக் கூடாது என்று காந்திஜி 1930களில் வெளிப்படையாகவே எழுதினார். உள்ளேயிருந்தும் ஒரு குரல் எழுந்தது. தூத்துக்குடிச் சீமையில், வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா, 1910-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் பேசினார். மிஷனரிகளின் தியாகத்தை அவர் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்தியர்களோடு சேர்ந்து வேலை செய்பவர்கள், அவர்களைச் சமமான நண்பர்களாக நடத்துவதில்லை என்று நேருக்கு நேர் சொன்னார். வீட்டுக்கு வந்து பழகாத அன்பு என்ன அன்பு என்பதுதான் அவர் கேட்டதன் சாரம். அரங்கில் பலருக்கு அது கசந்தது. 1912-இல் அவரே ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பிஷப் ஆனார்.

அசரியாவின் பேச்சை அளவுகோலாக வைத்துக்கொண்டால், ஒரு மிஷனரியின் வாழ்க்கையை அவர் செய்த பிரசங்கத்தை வைத்து அளக்க முடியாது. யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார், யார் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தார், யாரைத் தனக்குப் பின் பொறுப்பேற்க வளர்த்தார் என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

எம்டன் வந்த வருஷம்

சிறிய மருந்தகமாகத் தொடங்கிய வேலைக்குச் சொந்தமாக ஒரு பெரிய கட்டடம் 1914-இல்தான் வந்தது. அதற்குள் மெக்பெயிலுக்கு வயது 54. அதே ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு, ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைக் கடலில் வந்து நின்று, துறைமுகப் பக்கம் இருந்த எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு வீசியது. தீ கொழுந்துவிட்டு எரிந்தது. பயந்து போய் ஊரை விட்டே ஓடினவர்கள் ஏராளம். "அவன் பெரிய எம்டன்" என்று இன்றைக்கும் நம் வீடுகளில் சொல்வது அந்த ராத்திரியின் மிச்சம்தான்.

போர்க்காலத்தில் மெக்பெயிலும் ஊரை விட்டுப் போனார். ஆனால் ஓடவில்லை. ஸ்காட்லாந்துப் பெண் டாக்டர்கள் சேர்ந்து நடத்திய போர்க்கள மருத்துவமனைகளில், செர்பியாவிலும் பிறகு பிரான்சிலும் வேலை பார்த்தார். வேலை முடிந்ததும் திரும்ப எங்கே போனார் என்பதுதான் முக்கியம். 60 வயதை நெருங்கியவருக்குச் சொந்த ஊரில் ஓய்வெடுக்க எல்லா நியாயமும் இருந்தது. அவர் சென்னைக்குத்தான் திரும்பி வந்தார். 1928-இல்தான் ஓய்வு பெற்றார். 1946-இல் காலமானார்.

விட்டுப் போனது

அரசாங்கம் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் கொடுத்தது. பதக்கத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நர்ஸ் வேலை என்றால் முகம் சுளித்த காலம் அது. பிறர் அழுக்கைத் தொடும் வேலைக்கு யார் பெண்ணை அனுப்புவார்கள்? மிஷன் ஆஸ்பத்திரிகள்தான் பல பெண்களுக்கு அந்தப் படிப்பைக் கொடுத்தன, சொந்தக் காலில் நிற்கச் சம்பளமும் கொடுத்தன. விதவைகளும் ஆதரவற்ற பெண்களும் அதில் அதிகம். இன்று உலகெங்கும் வெள்ளைச் சீருடையில் நிற்கும் நம் ஊர்ப் பெண்களின் வரிசைக்கு இதுவும் ஒரு தொடக்கம். ராயபுரத்தில் நார்த்விக் பெண்கள் பள்ளியும் அதே ஸ்காட்லாந்து மிஷன் விட்டுப் போனதுதான்.

1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. ஆஸ்பத்திரி இன்று அந்தத் திருச்சபையின் பொறுப்பில், சி.எஸ்.ஐ. ரெயினி மருத்துவமனையாக நடக்கிறது. அனுப்பியவர்கள் பக்கமிருந்து வந்தவர்களின் பக்கத்துக்குப் பொறுப்பு மாறியது. மிஷனரிகளின் திசையும்கூட மாறிவிட்டது. 1903-லேயே பாளையங்கோட்டைச் சீமைக் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் சங்கம் வைத்து, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள். மெக்பெயில் தமிழில் திக்கித் திணறியதுபோல, நெல்லைக்காரர்கள் அங்கே போய்த் தெலுங்கில் திணறியிருப்பார்கள். வேற்றூரில் வாழப் போகிறவர் யாராக இருந்தாலும், முதலில் அங்கே ஒரு குழந்தையைப் போலப் பேசப் பழக வேண்டும்.

கடலும் மாறிவிட்டது. துறைமுகச் சுவர் எழுந்த பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடுக்கப்பட்டு மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் அரித்துத் தின்றது. பழைய மணல்வெளி இருந்த இடத்தில் இன்று பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையில்தான் பிரசவ வலி கண்ட பெண்ணோடு ஆட்டோ நுழைந்து போக வேண்டியிருக்கிறது.

அந்த ஆட்டோவில் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வருபவர் இன்றைக்கும் பெரும்பாலும் அம்மாவோ மாமியாரோதான். ஒரு காலத்தில் டாக்டரம்மாவை வாசலில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டது அந்தத் தலைமுறை. "சீக்கிரம் ஓட்டுப்பா, டாக்டரம்மா போயிடப் போறாங்க" என்று டிரைவரை அவசரப்படுத்துவது இந்தத் தலைமுறை. மெக்பெயில் ராத்திரியில் எழுதிய கணக்குகளில் இதற்கென்று ஒரு பத்தி இருந்திருக்காது.

(அடுத்த வாரம்: மசூலா படகைத் தைத்த கைகள்)