ரிவெட் நட்டுக்கு எந்தக் கருவி வாங்கலாம்?

சைக்கிளில் தண்ணீர் பாட்டில் மாட்டும் கூடு இருக்கிறதல்லவா, அலுமினிய ஃபிரேமில் அதைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளை ஒருநாள் கழற்றிப் பாருங்கள். குழாயின் சுவர் மெல்லிசு, மரை போட கனம் பத்தாது. உள்ளே கையை விட்டு நட்டு பிடிக்கவும் வழியில்லை. ஆனாலும் அங்கே ஒரு மரை உட்கார்ந்திருக்கும். அதுதான் ரிவெட் நட்டு. அமெரிக்காவில் பி.எஃப். குட்ரிச் என்ற ரப்பர் கம்பெனி 1930களில் கொண்டுவந்த சமாச்சாரம். விமான இறக்கையில் படியும் பனிக்கட்டியை உடைக்க ரப்பர் உறை மாட்டணும். இறக்கைக்கு உள்ளே யார் போய் நட்டு பிடிப்பது? அதற்காகச் செய்தது.

இறக்கையில் ஆரம்பித்தது இப்போது எங்கள் வாலாஜாபாத் பக்கத்துக் கொல்லைமேடு வரைக்கும் வந்துவிட்டது. பவர் வீடரின் மண் தடுக்கும் தகடு, டிராக்டரின் பக்கவாட்டு மூடி, மோட்டார் ஸ்டார்டர் பெட்டி என்று மெல்லிய தகரம் எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் இதுதான். போட்ட புதிதில் நன்றாகவே பிடிக்கும். இரண்டு பட்டம் ஓட்டினால் அதிர்விலேயே தளர்ந்து, போல்ட்டைத் திருப்பினால் நட்டும் சேர்ந்து சுற்ற ஆரம்பிக்கும். கழற்றவும் முடியாது, இறுக்கவும் முடியாது.

நகரத்தில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றும். வேர்க்கடலை போட்டவனைக் கேளுங்கள். பூ பூத்து, விழுது மண்ணில் இறங்க ஆரம்பித்துவிட்டால், அதாவது சுமார் 45 நாளுக்குப் பிறகு, செடியைச் சுற்றி மண்ணைக் கிளறக் கூடாது. அதற்குள் இரண்டு களை முடித்தாக வேண்டும். நடுவில் ஒரு மழை பெய்து ஈரம் காய நாலு நாள் போனால், கையில் மிஞ்சுவது நாலைந்து நாள்தான். அந்த நாளில் தகடு கழன்று ஆடினால் எந்திரத்தைக் களத்தில் நிறுத்திவிட்டு வெல்டிங் பட்டறைக்கு ஓடணும். ஆள் வைத்துக் களை எடுக்கலாமே என்பீர்கள். ஆள் எங்கே? விடியறதுக்கு முன்னாடியே கம்பெனி வேன் வந்து ஒரகடத்துக்கு ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது.

பட்டறைக்காரர் செய்வது ஒன்றுதான். துளைக்குப் பின்னால் சாதா நட்டை வைத்துப் பற்றவைப்பார். கனமான பட்டைக்கு அதுவே நல்லது. மெல்லிய தகரத்தில் வைத்தால் ஓட்டை விழும், பெயின்ட் எரியும், அடுத்த மழைக்கு அந்த இடம் துருப்பிடிக்கும். அதனால் இந்தக் கருவி ஒன்று ஊரில் இருந்தே ஆகணும் என்பது என் கட்சி. எந்தக் கருவி என்பதில்தான் பேச்சு.

கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது பாப் ரிவெட் அடிக்கும் கட்டிங் பிளேயர் மாதிரி ஒற்றைக் கைக் கருவி. விலை குறைவு. அலுமினிய நட்டு, எம்4, எம்5 வரைக்கும் சரி. இரும்பு நட்டில் எம்6 போட்டுப் பாருங்கள், உள்ளங்கை கன்றிப்போகும். நமக்கோ பாதிக்கு மேல் எம்6, மிச்சம் எம்8. ஆக இது நமக்கு ஆகாது.

அடுத்தது ட்ரில் மெஷினில் மாட்டும் தலை. வீடியோவில் பார்க்க அழகாக இருக்கும். வேகத்தைக் குறைக்க வசதியும், இறுக்கம் வந்ததும் விட்டுக்கொடுக்கும் கிளட்ச்சும் உள்ள மெஷின் வேணும். நம்மிடம் இருப்பது சுவரில் துளை போடும் மெஷின். அதில் மாட்டினால் மணிக்கட்டை முறுக்கும், இல்லாவிட்டால் நட்டின் மரையை உருவிவிடும். பக்கத்து நிலத்துக்காரர் ஒரே மத்தியானத்தில் ஆறு நட்டைக் காலி செய்தார். பேட்டரிக் கருவி இருக்கிறது, சுகமாக இருக்கும், விலை பத்தாயிரத்துக்கு மேல். அதை விடுங்கள்.

நான் வாங்கச் சொல்வது இரண்டு நீளக் கைப்பிடி வைத்த நெம்புகோல் வகை. கைகளை விரித்து, முனையில் இருக்கும் திருகில் நட்டை ஏற்றி, துளையில் சொருகி, இரண்டு கைகளையும் சேர்த்தால் முடிந்தது. தகரத்துக்குப் பின்னால் குழல் புடைத்துக்கொண்டு கவ்விக்கொள்ளும். ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து மூவாயிரம் வரைக்கும் விதவிதமாக வருகிறது. இதில் பெட்டியில் எத்தனை சாமான் இருக்கிறது என்று எண்ணாதீர்கள். பாதி அங்குல அளவாக இருக்கும், நம் எந்திரங்கள் எல்லாம் மில்லிமீட்டர். பார்க்க வேண்டியது, அந்த இழுக்கும் திருகு தனியாகக் கிடைக்குமா என்பதைத்தான். அதைத்தான் மாண்ட்ரல் என்கிறார்கள். முதலில் தேய்வதும் முறிவதும் அதுதான். அது தனியாகக் கிடைக்காத கருவி, கூர் போனால் தூக்கிப் போட வேண்டிய கத்தி மாதிரி.

ஆனால் வருஷத்துக்குப் பத்து நட்டு மாட்டுகிறவர் இதையும் வாங்க வேண்டாம். எங்கள் தெருவில் கம்பெனி வேலைக்குப் போகும் தம்பி ஒருவன், ஷிஃப்ட் முழுக்கக் காற்றில் ஓடும் துப்பாக்கியால் ரிவெட் நட்டு அடிப்பவன், சொல்லிக் கொடுத்தது இது. "அண்ணே, இன்னாத்துக்கு மெஷினு? ஒரு நல்ல போல்ட்டு போதும்ணே" என்றான். முழு நீளத்துக்கும் மரை உள்ள ஆலன் போல்ட், தலையில் 12.9 என்று அடித்திருக்கணும். அதில் ஒரு நட்டை ஏற்றி, இரண்டு வாஷர் போட்டு, நடுவில் கிரீஸ் தடவி, கடைசியில் ரிவெட் நட்டை மாட்டித் துளையில் வையுங்கள். போல்ட் தலையை ஆலன் கீயால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மேல் நட்டை ஸ்பேனரால் இறுக்குங்கள். போல்ட் மேலே இழுபடும், ரிவெட் நட்டு பின்னால் புடைக்கும். இறுக்கம் சட்டென்று கூடும்போது நிறுத்திவிடணும். பிறகு மேல் நட்டைத் தளர்த்தி, போல்ட்டைக் கழற்றிக்கொள்ளலாம். செலவு ஒரு வேளை டிஃபன் காசு. நேரம்தான் கொஞ்சம் பிடிக்கும்.

எந்தக் கருவியானாலும் துளை சரியில்லை என்றால் வீண். எம்5க்கு 7 மி.மீ., எம்6க்கு 9, எம்8க்கு 11 என்பது வழக்கமான அளவு. நட்டு வாங்கும்போது பாக்கெட்டில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அரை மில்லி பெரிசானாலும் நட்டு சுற்றும். பழைய நட்டு ஏற்கெனவே துளையைத் தின்று பெரிசாக்கியிருந்தால் ஒரு அளவு மேலே போங்கள். வழவழப்பான உடம்புள்ள நட்டு வேண்டாம், வரி வரியாகச் சொரசொரப்பாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். உரக்கரைசலும் உப்பும் படும் இடத்தில் அலுமினிய நட்டில் எவர்சில்வர் போல்ட் போடாதீர்கள், அலுமினியம் அரித்துப்போகும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வேளாண் எந்திரமயமாக்கல் திட்டத்தில் பவர் வீடருக்கு 40 முதல் 50 சதவீதம் வரை மானியம் தருகிறார்கள். நல்ல காரியம், இதனால் எத்தனையோ பேர் எந்திரம் வாங்கினோம். அதே மாதிரி பத்து எந்திரம் இருக்கும் ஊருக்கு ஒரு கருவிப் பெட்டிக்கும் மானியம் தரலாம். ஒரு நெம்புகோல் கருவி, மூன்று அளவு ட்ரில் பிட், நூறு நட்டு. எந்திரத்தின் விலையில் இது தூசு. அது வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பத்துப் பேர் ஆளுக்கு முந்நூறு போட்டால் வாங்கிவிடலாம். எடுத்துப் போகிறவர் பெயரை நோட்டில் எழுதணும், திருகை முறித்தவர் திருகு வாங்கி வைக்கணும். இவ்வளவுதான் சட்டம். எங்கள் தெருவில் ஏழு பேர் சரி என்றிருக்கிறார்கள்.

சென்னையிலிருந்து படிப்பவர்கள் யாராவது பாரிமுனைப் பக்கம் போனால், எம்6, எம்8 மாண்ட்ரல் தனியாக எந்தக் கடையில் கிடைக்கிறது, என்ன விலை என்று விசாரித்துச் சொல்லுங்கள். எங்கள் கடைத்தெருவில் கேட்டால் முழுப் பெட்டியையே வாங்கச் சொல்கிறார்கள்.