பாசி வியாபாரத்தில் முதல் முதலீடு வெயில்தான்

சுருள்பாசி வளர்ப்பில் இறங்கலாமா என்று அலவத்துகொட, அக்குறணைப் பகுதி வியாபாரச் சகோதரர்கள் சிலர் அண்மைக் காலமாக விசாரிக்கின்றனர். பார்மசிகளில் ஸ்பைருலினா என்ற பெயரில் விற்கப்படும் பச்சை வில்லைகளின் விலையைப் பார்த்து வந்த ஆசை இது. எனது கருத்து இதுதான்: விற்பதற்கு நல்ல சரக்கு, நமது மலைப்பக்கத்தில் வளர்ப்பதற்கு உகந்ததல்ல.

கண்ணுக்குத் தெரியாத இந்த நுண்பாசிக்கு வெயிலே தீனி. தண்ணீர் 30 முதல் 35 பாகை வரை சூடாக இருந்தால் நன்கு பெருகும்; 20 பாகைக்குக் கீழே போனால் வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுவிடும். நமது ஊரிலோ காலையில் பனிமூட்டம், இரவில் குளிர், இரண்டு பருவ மழைகள். மழைநீர் தொட்டியில் விழுந்தால், அப்பச்சோடா கலந்து வைத்த காரநீர் ஐதாகி, வேண்டாத பாசிகளும் குடியேறும்.

இதைக் கணக்காகப் பாருங்கள். நல்ல வெயில் உள்ள இடத்தில் ஒரு சதுர மீற்றரிலிருந்து நாளொன்றுக்கு 5 முதல் 10 கிராம் வரை உலர்பாசி கிடைக்கும். அதாவது 100 சதுர மீற்றர் தொட்டியில் அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை. மேகம் மூடினால் விளைச்சல் குறையும். ஆனால் கூலியோ, மின் கட்டணமோ, கடன் தவணையோ குறையாது.

வெயில் மட்டும் இருந்தால் போதும் என்றும் எண்ண வேண்டாம். பாசி ஐதாக இருக்கும்போது உச்சி வெயில் பட்டால் வெளிறிப்போகும். அப்போது நிழல்வலை தேவை. அடர்த்தியானதும் மேலே உள்ளது கீழே உள்ளதற்கு வெளிச்சத்தை மறைத்துவிடும். ஆகவேதான் ஓர் அடிக்கும் குறைவான ஆழத்தில் நீரை வைத்து, துடுப்புச் சக்கரத்தால் கலக்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

கவனிப்பில்லாத நீரில் என்ன வளரும் என்பதை 1999ஆம் ஆண்டு கண்டி வாவியில் பார்த்தோம். கழிவுநீரோடு சேர்ந்த சத்துக்களால் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி பெருகி, தண்ணீரே பச்சையாகியது. ஈரலைப் பாதிக்கும் நஞ்சை உண்டாக்கக்கூடிய இனம் அது. பச்சையாக இருப்பதெல்லாம் உணவல்ல. ஆய்வுகூடப் பரிசோதனை இல்லாமல் ஒரு கிராமையும் சந்தைக்குக் கொண்டுபோகக் கூடாது.

தமிழ்நாட்டில் பாரி நிறுவனம் இப்பாசியைப் பெருமளவில் வளர்க்கத் தேர்ந்தெடுத்தது ஊட்டியையோ கொடைக்கானலையோ அல்ல. புதுக்கோட்டை மாவட்டத்தின் வறண்ட ஊனையூரை. நமது நாட்டில் அதற்கு ஒப்பான வெயில் புத்தளம், மன்னார், அம்பாந்தோட்டை பக்கங்களில்தான் உண்டு.

ஆசை விடவில்லையென்றால், அங்கு காணியுள்ள நம்பிக்கையான ஒருவருடன் பங்குக்குச் சேருங்கள். முதலில் ஒரு சிறு தொட்டி போதும். வெப்பமானியும் பதிவேடும் வைத்து, ஒரு மழைக்காலம் முடியும்வரை தினமும் எழுதுங்கள். அந்தப் பதிவேடு இலாபம் காட்டினால் மட்டும் பெரிய முதலைப் போடுங்கள். அதுவரை அலவத்துகொடக் கடையில் இருந்து, தரம் பார்த்து வாங்கி விற்பதே புத்தி.